ஆரஞ்சுக் குழாயில் ஒரு நாள் உப்பு

இன்று காலை உன் மகன் சேகர் வந்து ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்களாம், உன் சாமான்களை ஒதுக்குகிறார்களாம். "இது ரெண்டும் உங்களுக்குத் தெரிஞ்ச ஜாமானா இருக்கும்னு தோணுச்சி அத்த, தூக்கிப் போட மனசு வரல," என்றான். காப்பி குடிக்கச் சொன்னேன், நிற்கவில்லை. அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை வந்தது. வேறு எதுவாக இருக்க முடியும், அந்தக் குழாய்தான். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அந்தச் சத்து மாத்திரை வந்த பிளாஸ்டிக் குழாய். மாத்திரை போய் ஏழு வருடம் ஆகிறது, மூடியில் வாசனை மட்டும் இன்னும் குடியிருக்கிறது. குலுக்கிப் பார்த்தேன். அடியில் கல் உப்பு. நீ நகப்பூச்சால் போட்ட சிவப்புக் கோடுவரை இருக்க வேண்டியது, பாதிதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கடைசி நாள் காலையில் வழக்கம்போலக் கோடுவரை அளந்து வைத்திருக்கிறாய். காலைக் கூழுக்குப் போட்டது போக, மதியத்துக்கும் இராத்திரிக்கும் நீ விட்டுவைத்த மீதி அது.

நீ போய் நான்கு மாதம் ஆகியும் ஈரம் இழுக்கவில்லை. நம் ஊர்க் கடல்காற்றில் ஜாடி உப்பு நான்கு நாள் தாங்காது, தண்ணீர் விட்டுவிடும். இந்தக் குழாய் முதலில் வந்தபோது நீ மாத்திரையைப் பார்க்கவே இல்லை, மூடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "உள்ள என்னாத்தையோ மணி மணியா வெச்சிருக்கான் டீச்சரு. நாப்பது வருசம் உப்புலயே கெடந்தேன், ஈரம் இழுக்காத டப்பாவ இப்பதான் பாக்கறேன்," என்றாய். கத்தியால் நெம்பிப் பார்க்கிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன்.

பையில் இன்னொன்றும் இருக்கிறது. நம்முடைய நோட்டு. அதை இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருப்பது என் கையெழுத்துதான், ஆனாலும் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மடலை எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை, சுற்றித்தான் வருவேன்.

ஊரில் எல்லோரும் என்னை அமைப்பாளரம்மா என்பார்கள், நீ மட்டும் டீச்சர் என்பாய். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் அரிசியும் பருப்பும் அளந்து போட்டவள் எப்படி டீச்சர் ஆவாள் என்று கேட்டால், "பள்ளிக்கூடத்துக்குத்தான போற, அப்ப டீச்சருதான்," என்று முடித்துவிடுவாய். நீ ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு உப்பளத்துக்குப் போனவள். நமக்கு ஒரே வயது, ஒரே தெரு. அப்படியும் அறுபது வயதுவரை 'சாப்ட்டியா' என்பதற்கு மேல் நாம் பேசிக்கொண்டதில்லை. விடிவதற்கு முன்பே உனக்கு உப்புப் பாத்தி, விடிந்ததும் எனக்கு அடுப்பு. இரண்டு பேருக்கும் வேலை நின்ற பிறகுதான் சிநேகிதம் வந்தது.

அதுவும் உன் கால் வீங்கிக் கொண்டுவந்து விட்ட சிநேகிதம். உப்பளத்தை விட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாய். தலை சுற்றுகிறது என்றாய். நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, "இதப் பாரு டீச்சரு, அமுக்கினா பள்ளம் விழுது. விழுந்த பள்ளம் எழுந்திருக்கவே மாட்டேங்குது," என்று விரலால் அமுக்கிக் காட்டினாய். முகத்தில் பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. யாருடைய காலையோ காட்டுவதுபோலக் காட்டினாய். பயம் எனக்குத்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். மறுபடியும் கட்டி மறுபடியும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என்னாம்மா சாப்பிடறீங்க?"

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறச்ச இல்லீங்க. காலையில கூழு, ஒரு கை உப்புப் போட்டு. பத்து மணிக்கு நீராகாரம், அதுக்கு ஒரு கை. மதியம் சோறு, கருவாட்டுக் கொழம்பு. சாயங்காலம் உங்க பாக்கெட்டு."

"எங்க பாக்கெட்டா?"

"அதாங்க, வெயில் காலத்துல உப்பளத்துக்கு வந்து குடுப்பீங்களே, தண்ணியில கரைச்சிக் குடின்னு. அது குடிச்சாதான் எனக்குத் தெம்பு."

நர்ஸம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "ஓ.ஆர்.எஸ்ஸா? தெனமுமா? அது பாத்தியில நின்னு வேர்த்துக் கொட்டறவங்களுக்கும்மா. இப்ப நீங்க எங்க வேர்க்கறீங்க?"

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க முடியாது. உப்பளத்தில் மதியத்துக்குள் புடவை பிழியப் பிழிய வேர்க்கும், வேர்வையோடு போன உப்பை உடம்பு திருப்பிக் கேட்கும், உப்பளத்துப் பெண்கள் நீங்கள் கூழில் கொடுத்தீர்கள். நாற்பது வருடம் அது சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் வேலை நின்றது, வேர்வை நின்றது, கையளவு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பாக்கெட்டில் எனக்கும் பங்கு உண்டு. தெம்பில்லை என்று நீ சொன்ன அன்று, கூடத்தைக் காலி செய்தபோது மிஞ்சியதில் ஒரு கட்டுப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். நர்ஸம்மா கேட்டபோது நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. "வேற ஏதாவது மாத்திர மருந்து எடுக்கறீங்களா?" என்று அவர் கேட்க, நீ இடுப்புப் பையிலிருந்து இந்த ஆரஞ்சுக் குழாயை எடுத்தாய். சேகர் சென்னையிலிருந்து அனுப்பியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "இது நொரைக்கறதுக்கே சோடியம் சேத்திருக்காங்கம்மா. இதுலயும் உப்புச் சத்துதான் வருது."

நீ குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "நாப்பது வருசம் உப்பு வாரின எனக்கு இது அடையாளம் தெரியலியே! ஆரஞ்சுச் சட்ட போட்டுக்கினு வந்தா யாருதான் கண்டுபுடிப்பா?" என்றாய். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நர்ஸம்மாவும் சிரித்துவிட்டுத்தான் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறை, நட, தசை கரையாமல் பார்த்துக்கொள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நீ பாயை விரித்து, சேகர் அனுப்பியதை எல்லாம் அதன்மேல் வரிசையாக வைத்தாய். ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். கால்சியம் மாத்திரை. பல சத்தும் சேர்ந்த மாத்திரை. மீன் எண்ணெய்க் குப்பி. "கூனிமேட்டுல, கடலோரமா பொறந்தவளுக்கு மீன் எண்ணெய மாத்திரைக்குள்ள அடைச்சி அனுப்பியிருக்கான் பாரு, என் புள்ள," என்று பெருமையும் கேலியுமாகச் சொன்னாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தாய். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"டீச்சரு, இதுல எது என்னா வேல செய்யுது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப பாத்தி மாதிரிதான் பாக்கணும். ஒரு பாத்தி கெட்டுப்போனா தண்ணியையும் மாத்தி மண்ணையும் மாத்தினா எது கெடுத்துச்சின்னு எப்பிடித் தெரியும்? ஒண்ண மாத்து. பத்து நாள் பாரு. அப்புறம் இன்னொண்ணு."

அப்படித்தான் இந்த நோட்டு பிறந்தது. எழுதுவது நான், சொல்வது நீ. நோட்டு உன் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வருவேன், அந்த வாரத்துக்கான சங்கதியை எழுதுவோம். பிரஷர் மாத்திரையை மட்டும் நம் ஆராய்ச்சிக்குள் இழுக்கக்கூடாது, ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு நீ கட்டுப்பட்டாய். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

முதலில் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்குள் என்றார் நர்ஸம்மா. உன் கைக்கு ஸ்பூன் பழக்கமில்லை, கை போகிற போக்கில்தான் அள்ளும். அதனால் காலிக் குழாயில் ஒரு ஸ்பூன் உப்பைக் கொட்டி, மட்டம் பார்த்து, சேகர் மனைவி விட்டுப்போன நகப்பூச்சால் கோடு போட்டாய். "உப்பக் காட்டிக்குடுத்த டப்பாவே உப்புக்குக் காவல் இருக்கட்டும்," என்றாய். முதல் வாரம் சோறு மண் மாதிரி இருக்கிறது என்று புலம்பினாய். புளியும் மிளகும் எலுமிச்சையும் கூட்டிப் பார்த்தாய். பத்து நாள் கழித்து நான் செய்து கொண்டுவந்த சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டு, "என்னாடி, கடலையே கொட்டிட்ட!" என்றாய். அது நான் வழக்கமாக வைக்கும் சாம்பார்தான். நாக்கு இவ்வளவு சீக்கிரம் மனம் மாறும் என்று நாம் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

நீ ஒழுங்காக மட்டுமே இருந்தாய் என்று நான் எழுதினால் உனக்கே பிடிக்காது. ஒரு ஞாயிறு நான் பேனாவைத் திறந்ததும், "எழுது. கருவாடு, ரெண்டு துண்டு," என்றாய். எழுதினேன். "நல்லா இருந்துச்சின்னும் எழுது," என்றாய். அதையும் எழுதினேன். நோட்டில் பொய் இருக்கக்கூடாது என்பது உன் சட்டம். "பொய்ய எழுதி வெச்சா, அப்புறம் யார ஏமாத்தறோம்? நம்ம காலையா?" என்பாய். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் பேனா மூடியைத் தேடுவேன்.

புரோட்டீன் பவுடர் தீர்ந்த மாதம், அதற்குப் பதிலாகத் தினம் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்று மாற்றினோம். உன் கைப்பிடியிலோ நடையிலோ ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்போதுதான் என்னை மடக்கினாய். "முப்பது வருசமா ஊர்ப் புள்ளைங்களுக்கு முட்ட அவிச்சியே, நீ ஒரு முட்ட தின்னியா?" நான் தின்றதில்லை. வளர்கிற பிள்ளைக்குத்தான் முட்டை, வயதானவளுக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். "வளர்றவங்களுக்கு வேணும்னா கரையறவங்களுக்கு வேணாமா?" என்றாய். மறுநாளிலிருந்து நானும் ஆரம்பித்தேன்.

மாத்திரைகளில் நாம் கண்டுபிடித்தது வேடிக்கையானது. டாக்டர் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நாற்பது வருடம் வெயிலில் காய்ந்த உனக்கு வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது. முப்பது வருடம் சமையல் கூடத்துக் கூரைக்குள் நின்ற எனக்குத்தான் ரொம்பவே குறைந்திருந்தது. எனக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினார், உனக்கு வேண்டாம் என்றார். உனக்கு வந்த கால்சியத்தை எனக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாய், அதைப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். வெளியே வந்து செருப்பை மாட்டினாய். பிறகு சொன்னாய், "பாத்தியில பள்ளம் இருக்கற எடத்துலதான் மண்ணு போடணும் டீச்சரு. மேட்டுல கொட்டினா மட்டம் கெட்டுடும். எம் புள்ள எங்க பள்ளம்னு பாக்காமலே லாரி லாரியா கொட்டியிருக்கான்." அதற்குப் பிறகு டாக்டர் சொல்லாத எதையும் நாம் வாங்கியதில்லை.

ஒரே ஒரு முறை வாங்கினோம், அதுவும் என்னால். குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் பச்சைப் பாசித் தூள் விற்கிறார்கள், அங்கே குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தவுடன் உனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, இத நாங்க பாத்தியிலேர்ந்து வழிச்சி வழிச்சி வெளிய போடுவமே! தெரிஞ்சிருந்தா மூட்ட கட்டி வித்திருப்பனே!" இது வேறு பாசி என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஒரு மாதம் குடித்தாய், நியாயமாக. நோட்டில் என்ன எழுதச் சொன்னாய் தெரியுமா? "நாக்கு பச்சை. மற்றபடி விசேஷம் இல்லை."

ஆனால் ஒன்றில் மட்டும் உனக்கு வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. அது கால். காலையில் வெயில் ஏறும் முன் உப்பள வரப்பில் போய்த் திரும்புவோம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவீர்களே, பெண்கள் வரிசையாக நின்று, முன்னால் இருப்பவள் தோளில் கை போட்டு, குதிகால் முதலில், பிறகு முன்பாதம், ஒரு கால் மாற்றி ஒரு கால். அந்த மிதியை உன் வீட்டு முற்றத்தில் என்னை மிதிக்கவைத்தாய். உன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த ஒரு நொடியில் முதலில் எனக்கு உடம்பே ஆடும். எதிர்வீட்டுக்காரர் என்ன டான்ஸ் என்று கேட்டார். "அம்பது மிதி ஆச்சி, இன்னும் அம்பது பாக்கி, பேசாம போப்பா," என்றாய். நாட்டியம் என்றே அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தனையும் எதற்காக என்று நீ ஒரு முறைதான் சொன்னாய். உன் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். காலையிலும் மாலையிலும் அவரைப் புரட்டிப் போட்டாய், முதுகு புண்ணாகாமல் துடைத்தாய். உப்பு மூட்டை தூக்கினவளுக்கே அந்த உடம்பு கனத்தது என்றாய். "நூறு வயசு வேணாம் டீச்சரு. என்ன யாரும் புரட்டிப் போடக் கூடாது. கீழ உக்காந்தா நானே எழுந்திருக்கணும். அது போதும்." அதனால்தான் நம் சோதனை அப்படி அமைந்தது. பிரஷரை நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். நாம் பார்ப்பது ஒன்றுதான்: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா. ஞாயிற்றுக்கிழமைதோறும், ஒருவர் எழ மற்றவர் பார்க்க வேண்டும்.

நீ எழுந்தாய். முதலில் ஒரு கை ஊன்றி, சில மாதத்தில் கையே இல்லாமல். நானும் எழுந்தேன். நோட்டில் என் பெயருக்கு நேராக 'கை இல்லாமல்' என்று வாராவாரம் எழுதினேன்.

இதுதான் சொல்ல வந்தது. அது பொய். என் வலது கை புடவைத் தலைப்புக்குள் இருக்கும், எழும்போது முதுகுப்பக்கம் தரையில் அதை ஊன்றுவேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். பசங்களுக்குச் சத்து சொல்லித் தந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள், உப்பு சுமந்தவளுக்கு முன்னால் எழ முடியாமல் தவிப்பதா என்று ஒரு வெட்கம். ஒரு தடவை சொன்ன பொய்யை மறுவாரம் எப்படிக் கைவிடுவது? அப்படியே வருடக்கணக்கில் போய்விட்டது.

பிறகு நீ போய்விட்டாய். அறுபத்தெட்டு வயதில். அந்த வாரம் உன்னைப் பார்க்க வந்திருந்த உன் மருமகள் சொன்னாள், அன்று நீயே எழுந்து, நீயே பாயைச் சுருட்டி வைத்து, குளித்து, கூழ் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து பேரனோடு போனில் பேசியிருக்கிறாய். போன் மடியில் விழுந்தது, அவ்வளவுதான். சாவு வீட்டில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "உப்பக் கொறச்சி, நடையா நடந்து, பாத்துப் பாத்துத் துன்னுச்சே, என்னா ஆச்சி? எல்லாம் ஒண்ணுதான் போ."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டாய், அவர் கேட்டது சரியான கேள்விதானே என்றிருப்பாய். எது உன் ஆயுளை நீட்டியது, எது நீட்டவில்லை, எதுவுமே நீட்டவில்லையா, எனக்குத் தெரியாது. உன்னை வைத்து ஒரு தடவைதான் பார்க்க முடிந்தது. இன்னொரு நீ இருந்து, அவள் ஒரு கை உப்போடு ஏழு வருடம் கூழ் குடித்திருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். இப்போதும் இராத்திரியில் படுத்துக்கொண்டு அதை யோசிக்கிறேன். ஒன்று மட்டும் தெரியும். உன்னை யாரும் புரட்டிப் போடவில்லை.

ஆனால் அந்தச் சொந்தக்காரர் பேச்சு எனக்குள் புகுந்துகொண்டது. எல்லாம் ஒன்றுதானே என்று நடையை விட்டேன், மிதியை விட்டேன், முட்டை அவிப்பதை விட்டேன். போன செவ்வாய்க்கிழமை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்தைத் தேட உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கையை ஊன்றினேன், இரண்டு கையையும் ஊன்றினேன், முட்டி மடங்கி மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் வந்து குரல் கொடுத்து, கதவைத் திறந்து, கையைப் பிடித்துத் தூக்கும்வரை தரையிலேயே இருந்தேன். அவ்வளவு நேரமும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தி செங்கல்பட்டில் இருக்கும் என் மகள் சாந்திக்குப் போய்விட்டது. "இங்க வந்துடும்மா. லிப்ட் இருக்குது, கட்டில் இருக்குது, நீ கீழ உக்காரவே வேணாம்," என்கிறாள். பாசத்தோடுதான் சொல்கிறாள். கீழே உட்காரவே வேண்டாத ஒரு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருகிறாள்.

சரி, இப்போது நோட்டைத் திறக்கிறேன்.

திறந்துவிட்டேன். என் எழுத்து, பக்கம் பக்கமாக. கருவாடு இரண்டு துண்டு, நன்றாக இருந்தது. நாக்கு பச்சை. கை இல்லாமல், கை இல்லாமல், கை இல்லாமல். பார்க்க முடியாமல் மூடிக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தபோது பின்னட்டையில் பென்சில் கறை தெரிந்தது. பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்களே, அப்படி நீ எழுதியிருக்கிறாய். பென்சிலில், ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், வாரத்துக்கு ஒரு வரி.

"டீச்சர் கை ஊணினா."

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. பக்கம் நிறைய அதே வரி. உனக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஊர்முழுக்கக் கேலி பேசுகிறவள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டில் பொய் நிற்கக்கூடாது, என் முகமும் சுண்டிப்போகக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பின்பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, நீ இல்லையே என்பதில் பாதி.

போகப் போக வரிகள் மாறுகின்றன. "டீச்சர் நாலு வெரல்." சில பக்கம் தாண்டி, "ரெண்டு வெரல்." இன்னும் சில பக்கம் தாண்டி, "ஒரு வெரல், சும்மா தொட்டா." நான் பொய் எழுதிக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் கால் உண்மையாகவே வலுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் முன்பக்கத்தில் நான் ஏற்கெனவே ஜெயித்துவிட்டேன்.

கடைசி வரி, நீ போவதற்கு முந்தைய ஞாயிறு: "டீச்சர் கை ஊணல. ரெண்டு கையிலயும் தம்ளர். நெசம்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்த புதுக் கேழ்வரகில் கூழ் காய்ச்சியிருந்தாய். இருவரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். எதிர்வீட்டுக்காரர் நம்மைக் கோயில் திருவிழாவில் ஆடக் கூப்பிட்டதாக நீ சொல்ல, நான் சிரித்துக்கொண்டே இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு கழுவ எழுந்து போனேன். எழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. நீ என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. என்னடி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாய்.

அந்தச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது. உன் ஆயுளை நீட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு விரல் ஒரு விரலானது, ஒரு விரல் இல்லாமல் போனது. விட்டவுடன் நான்கு மாதத்தில் இரண்டு கையும் போதாமல் ஆனது. வலுத்த பாதியை நீ ஒரு ஆராய்ச்சிக்காரியாக இருந்து கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாய்.

கட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இப்போது தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். முதல் தடவை முடியவில்லை. முட்டி போட்டு, கட்டிலைப் பிடித்து எழுந்தேன். நோட்டின் பின்பக்கத்தில், உன் 'நெசம்' என்ற சொல்லுக்குக் கீழே, பென்சிலை எடுத்து எழுதினேன்: "டீச்சர் ரெண்டு கை, கட்டிலும் புடிச்சா. நெசம்."

சாந்திக்குப் போன் செய்து ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். ஒரு பாத்தியை மிதித்து இறுக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அம்மா குரலில் ஏதோ கேட்டிருக்க வேண்டும், சரி என்றாள். உன் குழாயில் இருந்த மீதி உப்பை மதியக் கூழுக்குப் போட்டேன். பத்தவில்லை. நாக்குக்குப் பத்து நாள் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒரு கை போதுமா பார்ப்பேன். அது விரலாகி, விரலும் போகிற வாரம் வந்தால், இரண்டு தம்ளரில் கூழை நிரப்பிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். பார்த்து எழுத நீ இல்லை. சிந்தாமல் இருந்தால் நானே எழுதிக்கொள்கிறேன்.